கேளுங்க, சொல்றேன்: கண்டியில ரெண்டு ராத்திரி

கேள்வி: அக்கா, கனடாவில இருந்து மச்சாள் குடும்பம் வருகினம். ரெண்டு இரவு கண்டியில நிக்க யோசிச்சிருக்கிறம். எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம்? பெடியள் டிஸ்கோ இருக்கோ எண்டு கேக்கினம். (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: தங்கச்சி, பிள்ளைங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க, கண்டி சீக்கிரம் அடங்கிப்போற ஊரு. ராத்திரி ஒன்பது தாண்டினா டவுன்ல முக்காவாசி ஷட்டர் இறங்கிரும். பப் ஒண்ணு ரெண்டு இருக்கு, பெரிய ஹோட்டல்கள்ல பார் இருக்கு, ஆனா கொழும்ப மனசுல வச்சுக்கிட்டு வந்தா ஏமாந்துதான் போவாங்க. போயா அன்னைக்கு, அதான் பௌர்ணமி லீவு நாள்ல, நாடு பூரா மதுக்கடை பூட்டு, அதனால கலண்டர பாத்துட்டு தேதி முடிவு பண்ணுங்க.

எங்க ஊரோட நேரம் சாயந்தரம்தாங்க. நாலரைக்கெல்லாம் வாவிக்கரைக்கு வந்திருங்க. அந்த வாவிய வெட்டினது ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், கண்ணுசாமின்னு பேரு வச்சு வளத்த நாயக்க வம்சத்துப் பிள்ளை, கண்டியோட கடைசி ராஜா, 1815ல வெள்ளைக்காரன் புடிச்சு கடைசியில வேலூருக்கு அனுப்பி 1832ல அங்கயே செத்துப்போனாரு, இத கனடாவில வளந்த பிள்ளைங்களுக்கு அங்க நின்னு சொல்லுங்க, புத்தகத்துல படிக்கிறத விட நல்லா மனசுல நிக்கும். அஞ்சு மணிக்கு கண்டியன் டான்ஸ் ஷோ இருக்கும், டிக்கெட் வாங்கிப் பாக்கலாம். அது முடிஞ்சதும் நேரா புத்தரோட புனிதப் பல்ல வச்சிருக்கிற தலதா மாளிகைக்கு நடங்க, ஆறரை மணி பூசைக்கு. வாசல்ல தாமரையும் நீலோற்பலமும் தட்டுல வச்சு விப்பாங்க, உள்ள போனா கீழ மேளம் அடிக்கிற சத்தம் தரை வழியா பாதத்துல ஏறும், மேல பூவ ஏந்திக்கிட்டு வெள்ளைச் சேலையில அம்மாமார் வரிசையில நிப்பாங்க. தோளும் முழங்காலும் மூடின உடுப்பு கட்டாயம், அரைக் காற்சட்டையோட விடமாட்டாங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்களுக்கு டிக்கெட் உண்டு, நமக்கு இல்ல, ஐடென்டி கார்ட கையில வச்சிருங்க.

பூசை முடிஞ்ச கையோட சாப்பிட்டுருங்க, பத்து மணிக்கு பசிக்குதுன்னா கஷ்டம். சைவம்னா டவுனுக்குள்ளயே தோசைக்கடைங்க இருக்கு. மத்தவங்களுக்கு கொத்து ரொட்டிதான், இரும்புக் கல்லுல ரெண்டு தகடு வச்சு ரொட்டிய கொத்துற சத்தம் வர்ற பக்கமா போங்க, கூட்டம் நிக்கிற கடையில உக்காருங்க, காரம் குறைச்சுன்னு முன்னாடியே சொல்லுங்க, போட்டதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

தங்குறது பத்தி. மாளிகைக்கு எதுத்தாப்ல வெள்ளைக்காரன் காலத்து குயின்ஸ் ஹோட்டல் இருக்கு, எல்லாத்துக்கும் நடந்தே போகலாம், ஆனா ரோட்டுச் சத்தம் கேக்கும். வாவிக்கு மேல மேட்டுல இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்ல வியூ அருமையா இருக்கும், வயசானவங்க கூட வந்தா யோசிச்சுக்குங்க, மேப்புல பக்கமா தெரியுறது ஏறும்போது மூச்சு வாங்கும், ஒவ்வொரு தடவையும் த்ரீவீல் வேணும். அத பிக்மீ ஆப்புல போட்டா விலை பேசுற தொல்லை இல்ல. ஸ்டேஷன்ல இறங்கினதும் உங்க ஹோட்டல் மூடிருச்சு, வேற நல்ல இடம் காட்டுறேன்னு ஒருத்தர் வருவாரு, நம்பாதீங்க, ஹோட்டலுக்கே போன் போட்டு கேளுங்க. இன்னைக்கு விசேஷ பெரஹர, அதான் ஊர்வலம், இருக்குன்னு கூட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க, அதையும் நம்பாதீங்க.

நேரம் இருந்தா ஹந்தானையில தேயிலை மியூசியம் போங்க, 1925ல கட்டின ஃபேக்டரி. அங்க நிக்கிற மிஷின் ஒவ்வொண்ணுக்கும் கொழுந்து பறிச்சுக் கொடுத்தது நம்ம மலையகத் தமிழ் ஆளுங்க. பிள்ளைங்களுக்கு அத கட்டாயம் சொல்லிக் குடுங்க.

கேள்வி: எசல பெரஹரவுக்கு வரலாமா? (வாசகர், வவுனியா)

பதில்: தாராளமா வாங்க, தலதா மாளிகையோட அந்த ஊர்வலத் திருவிழா ஆடி ஆவணியில வரும், பத்து நாள். ஆனா ரூம் வாடகை அப்ப பல மடங்கு ஏறிரும், மாசக்கணக்குல முன்னாடி புக் பண்ணணும். கிடைக்கலன்னா பேராதனை, கட்டுகஸ்தோட்டை பக்கம் தேடுங்க, ரோடு மூடுறதுக்கு முன்னாடி மத்தியானமே டவுனுக்குள்ள வந்துருங்க, குடிக்க தண்ணியும் உக்கார ஒரு பாயும் கொண்டாங்க.