சின்னப் பிள்ளைகளும் வீட்டு ஜெபமும்: வாசகிகள் கேள்விகள்

கேள்வி: மாமனார் மாமியாரோடு கூட்டாக இருக்கிறோம். இரவு 9 மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டு, ஒரு முழு அதிகாரம், ஒவ்வொருவராக ஜெபம் என்று முக்கால் மணி நேரம் ஆகிவிடும். 5 வயது மகன் நெளிகிறான், 2 வயது மகள் அழுகிறாள். முடிவில் அடி வாங்கிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, நாசரேத்

பதில்: 9 மணி என்பதுதான் முதல் கோளாறு. 2 வயதுப் பிள்ளைக்கு எட்டு, எட்டரைக்கே கண் சொக்கும். தூக்கம் தள்ளிப்போன குழந்தை அமைதியாகச் சோர்ந்து உட்காராது, துள்ளும், சிணுங்கும். அதைக் கீழ்ப்படியாமை என்று நினைத்து அடித்தால், ஜெபம் என்றாலே அடி என்பதுதான் மனதில் பதியும். அந்த அடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பிள்ளைகளின் பங்கைத் தனியே பிரித்து, 7 மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். 7, 8 நிமிடம் போதும். முதலில் கைதட்டிப் பாடும் பாட்டு ஒன்று. பிறகு 4 முதல் 7 வசனம், அதுவும் கதையாக உள்ள பகுதி: காணாமற்போன ஆடு (லூக்கா 15:3-7), இயேசு பிள்ளைகளை அணைத்துக்கொண்டது (மாற்கு 10:13-16), கடலை அமர்த்தியது (மாற்கு 4:35-41). ஒரே கதையை ஒரு வாரம் முழுக்க வாசிக்கலாம். பெரியவர்களுக்குத்தான் சலிப்பு, பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை திரும்ப வருவதே சந்தோஷம். அதற்குப் பிறகு, “இன்னைக்கு இயேசப்பாவுக்கு எதுக்கு நன்றி சொல்லணும்?” என்று கேளுங்கள். மகன் ஒரு வரி சொல்லட்டும். மகள் “ஆமென்” மட்டும் சொன்னால் போதும். முடிவில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம்.

பாய் விரிப்பதும் வேதாகமத்தை எடுத்து வருவதும் மகனின் வேலையாக இருக்கட்டும். கையில் வேலை இருக்கும் பிள்ளை நெளிவது குறையும். செல்போனில் வேதம் வாசிக்காதீர்கள். பிள்ளையின் கண் திரையிலேயே நிற்கும், அடுத்து வீடியோ கேட்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. “ஆண்டவரே, இவன் சொன்ன பேச்சே கேட்கமாட்டேங்கிறான், இவனை மாத்தும்” என்று பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு ஜெபிக்காதீர்கள். ஐந்து வயதுக்காரனுக்கு அது ஜெபமாகக் கேட்காது. வீட்டார் முன்னால் தன்மேல் சொல்லும் புகாராகத்தான் கேட்கும். அவனுக்காக மன்றாட வேண்டியதை அவன் தூங்கிய பிறகு மன்றாடுங்கள்.

மாமனாரிடம் இதை உங்கள் கணவர் பேசுவது நல்லது. “ஜெபத்தைக் குறைங்க” என்று ஆரம்பித்தால் மனம் நோகும். “அப்பா, பிள்ளைங்க முழிச்சிருக்கும்போது நீங்களே அவங்களுக்கு ஒரு கதை வாசிச்சுச் சொல்லுங்க. 9 மணிக்குப் பெரியவங்க நாம வழக்கம்போல உட்காருவோம்” என்று கேட்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கும் பொறுப்பை வேண்டாம் என்று சொல்லும் தாத்தாக்கள் குறைவு.

கேள்வி: ஞாயிறு பள்ளிப் போட்டிக்கு சங்கீதம் 23 முழுவதும் சொல்ல வேண்டும். மகளுக்கு 6 வயது, ஆங்கில வழிப் பள்ளி. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தேன். உச்சரிப்பு கெட்டுப்போகிறது, நாலாம் வசனத்தில் எப்போதும் நின்றுவிடுகிறாள்.
— வாசகி, தாம்பரம்

பதில்: அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். ல, ள வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் ஆங்கில எழுத்தில் காணாமல் போகும். இந்த வயதில் காதால் கேட்டே படிக்கலாம். எழுத்தைக் கூட்டி வாசிப்பதைத் தனியாக, அவசரமில்லாமல் சொல்லிக்கொடுங்கள்.

முதலில் எந்த மொழிபெயர்ப்பு என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று தொடங்குவது பழைய திருப்புதல். 1871-ல் வந்த மொழிபெயர்ப்பு. “ஆண்டவரே என் ஆயர்” என்பது 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு. வீட்டில் ஒருவர் இதையும் இன்னொருவர் அதையும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இரண்டையும் கலந்து சொல்லும். பழைய திருப்புதல் என்று வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறோம்.

நாலாம் வசனத்தில் அவள் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மூன்று வசனமும் கர்த்தரைப் பற்றி “அவர்” என்று பேசுகின்றன. நாலாம் வசனத்தில் திடீரென்று “தேவரீர்”, “உமது” என்று அவரிடமே பேச்சு திரும்புகிறது. “அவர், அவர்” என்று வந்த வாய் அங்கே தடுக்கும். போதாததற்கு மூன்றில் “தேற்றி”, நாலில் “தேற்றும்” என்று ஒரே ஒலி வருவதால் சில பிள்ளைகள் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும். இந்தத் திருப்பத்தை அவளுக்குச் சொல்லிப் புரியவையுங்கள்: “இதுவரைக்கும் உன் ஃபிரெண்டுகிட்ட அப்பாவைப் பத்திச் சொல்லிட்டு வந்தே. இப்ப இருட்டு வந்துருச்சு. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அப்பாகிட்டயே பேசுறே.” இது புரிந்த பிள்ளைக்கு அந்த இடம் மறக்காது. சங்கீதத்தின் அழகே அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது.

நீளமான வசனத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் “என்னைத் தேற்றும்” மட்டும். அடுத்து “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்”. பிறகு “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்பதை முன்னால் சேர்த்து, அப்படியே வசனத்தின் தொடக்கம்வரை போங்கள். முன்னாலிருந்து படித்தால் தொடக்கம் மட்டும் நூறு முறை வாயில் வந்து, கடைசி பலவீனமாக நிற்கும். பின்னாலிருந்து கட்டினால் சொல்லச் சொல்ல நன்றாகத் தெரிந்த பகுதிக்குள் போய்க்கொண்டிருப்பாள்.

தெரியாத சொற்களை வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். தாழ்ச்சியடையேன்: எனக்கு ஒரு குறையும் வராது. அண்டையில்: பக்கத்தில். பொல்லாப்பு: கெடுதல். பந்தி என்றால் கல்யாண வீட்டுப் பந்திதான். அது உடனே புரிந்துவிடும். மொத்தம் 6 வசனம். வாரத்துக்கு இரண்டு, நாளுக்கு 5 நிமிடம், மூன்று வாரம். போட்டிக்கு முந்தைய இரவு புதிதாக எதையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: 7 வயது, 4 வயது, 8 மாதம் என்று மூன்று பிள்ளைகள். ஞாயிறு ஆராதனைக்கு ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்லை. போனாலும் கைக்குழந்தை அழுது வெளியே நிற்கிறேன்.
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஞாயிறு காலை வேலையில் பாதியைச் சனிக்கிழமையே முடித்துவிடலாம். பெரிய பிள்ளைகளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டுவது சனி மாலையில். உடுப்பு, உள்ளாடை, செருப்பு, காணிக்கை எல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில். காலையில் தேடுவது பெரும்பாலும் ஒற்றைச் செருப்பைத்தான்.

கைக்குழந்தைக்கு ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், ஆராதனை தொடங்குமுன் பால் கொடுங்கள். பெரிய பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தால் முதுகுகள் மட்டுமே தெரியும். அவர்கள் அப்பாவோடு முன்வரிசையில் இருக்கட்டும். நீங்கள் கதவுப் பக்கம், வரிசையின் ஓரத்தில். முதல் சிணுங்கலிலேயே எழுந்து வெளியே போய், அடங்கியதும் திரும்பி வாருங்கள்.

4 வயதுக்காரர் கையில் காணிக்கைக்கு நாணயம் கொடுக்காதீர்கள்; அது கீழே விழும், கைக்குழந்தையின் வாய்க்குப் போகும். மடித்த பத்து ரூபாய் நோட்டு போதும். கடலை, கெட்டி மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும். வாழைப்பழம் நல்லது, சத்தமும் வராது.

கேள்வி: இரண்டு மாதம் முன்பு என் அப்பா இறந்தார். 4 வயது மகனிடம் “தாத்தா தூங்குறாங்க, இயேசப்பா கூட்டிட்டுப் போயிட்டாங்க” என்றோம். இப்போது தூங்கவே பயப்படுகிறான். “என்னையும் கூட்டிட்டுப் போயிருவாங்களா?” என்கிறான்.
— வாசகி, தூத்துக்குடி

பதில்: அவன் நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டான். தூங்கினால் திரும்பி வரமாட்டோம், கூட்டிப்போகிறவர் இயேசப்பா என்று இரண்டு பயம் சேர்ந்திருக்கிறது. “நித்திரையடைந்தார்” என்று நாம் சொல்வது பெரியவர்களுக்குப் புரியும் மொழி. நாலு வயதில் நித்திரை என்றால் நித்திரைதான்.

நேராகச் சொல்லித் திருத்துங்கள்: “நாங்க தப்பாச் சொல்லிட்டோம். தாத்தா தூங்கல, இறந்துட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யாம நின்னு போச்சு. மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது. தூங்குறது வேற, காலையில எந்திரிச்சிருவோம்.” அவனுக்கு இது பதிந்த பிறகு நம் நம்பிக்கையைச் சொல்லுங்கள்: தாத்தா இயேசப்பாகிட்ட இருக்காங்க, ஒருநாள் பார்ப்போம். வரிசை மாறினால் மறுபடி குழப்பம். இதையே ஐம்பது முறை கேட்பான். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். சில வாரம் அவன் தூங்கும்வரை பக்கத்தில் படுங்கள். கல்லறைக்குப் பூ வைக்கப் போகும்போது அவன் வர விரும்பினால் கூட்டிப்போங்கள், வற்புறுத்த வேண்டாம். மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அழ வேண்டிய துக்கம் உங்களுக்கும் இருக்கிறது. அவன் முன்னால் அழுவது தப்பில்லை, “தாத்தாவை நினைச்சு அழுறேன்” என்று காரணத்தைச் சொல்லிவிட்டால் பயப்படமாட்டான்.

கேள்வி: கத்தோலிக்கக் குடும்பம். 5 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறேன். தவக்காலத்தில் நோன்பு இருக்கலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: சாப்பாட்டை விட வேண்டாம். திருச்சபையின் நோன்புக் கடமை 18 முதல் 59 வயதுவரை என்றாலும், பாலூட்டும் தாய்க்கு அதிலிருந்து விலக்கு உண்டு. மனம் கேட்கவில்லை என்றால் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இறைச்சியையும் இனிப்பையும் விடலாம். அவற்றுக்குப் பதில் பருப்பு, கீரை, முட்டை குறையாமல் சாப்பிடுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். மிச்சமாகும் காசை ஒரு டப்பாவில் போட்டு, புனித வாரத்தில் தேவைப்படும் வீட்டுக்குக் கொடுங்கள்.