கேள்வி – பதில்: அரசி நகையை அடகு வைத்தாரா?

கேள்வி: ஸ்பெயின் அரசி இசபெல்லா தம் நகைகளை அடகு வைத்துக் கொலம்பஸை அனுப்பினார் என்று பள்ளியில் படித்தேன். நாங்கள் ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டுபோகும் தக்காளியே அத்தகைய பயணங்களால்தான் நம் நாட்டுக்கு வந்தது என்கிறாள் என் மகள். நகையை அடகு வைக்கும் அளவுக்கு அந்த அரசர்களுக்குக் கடற்பயணத்தில் என்ன அக்கறை?
– விவசாயி ஒருவர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். நகைக் கதைதான் உண்மையல்ல. தென் ஸ்பெயினிலிருந்த முஸ்லிம் அரசான கிரனாடாவுடன் நடந்த போருக்காக வாங்கிய கடனுக்கு இசபெல்லாவின் நகைகள் பல முன்னரே ஈடாகப் போயிருந்தன. 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்கு ஆன சுமார் 20 லட்சம் மராவெடி நாணயங்களில் 11,40,000ஐ அரண்மனை நிதி அலுவலர் லூயிஸ் தெ சாந்தாஞ்செல் கடனாகத் திரட்டித் தந்தார்; கொலம்பஸ் தம் பங்கை இத்தாலிய வணிகர்களிடம் புரட்டினார்; மூன்று கப்பல்களில் இரண்டை, அரசுக்கு எதிராகச் செய்த ஒரு குற்றத்துக்குத் தண்டனையாகப் பாலோஸ் துறைமுகத்தார் கொடுக்க நேர்ந்தது.

ஆகவே பல பயணங்களில் அரசர்கள் கொடுத்தது பணத்தைவிடப் பட்டயமும் முத்திரையும்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1496இல் இங்கிலாந்தின் அரசர் ஏழாம் ஹென்றி, ஜான் கபோட் என்ற கடலோடிக்கு அனுமதி அளித்தபோது, செலவு முழுவதும் கபோட்டுடையது என்றும், கிடைக்கும் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு அரசருடையது என்றும் எழுதிக் கொடுத்தார். பயணம் தோற்றால் மாலுமியின் உயிரும் கடன் கொடுத்தவரின் முதலும்தான் போகும்.

அந்த வருவாய் அவர்களுக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? பீரங்கியும் கூலிப்படையும் போர்ச்செலவைப் பெருக்கிய காலம் அது. புதிய வரி விதிக்கவோ பிரபுக்களும் நகரத்தாரும் கூடும் சபையின் இசைவு வேண்டும். கடல் வணிகத்தில் வரும் பங்குக்கு எவருடைய இசைவும் தேவையில்லை. என் பார்வையில் இதுவே முதற்காரணம்.

1453இல் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) துருக்கியரிடம் வீழ்ந்ததும் மிளகு வரும் வழி அடைபட்டது என்று பாடநூல்கள் கூறுவதை அப்படியே ஏற்க இயலாது. கேரளத்து மிளகு அதன் பின்னரும் செங்கடல், அலெக்சாண்ட்ரியா வழியாக வெனிஸுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் இடையிலிருந்த ஒவ்வொரு கையும் தன் லாபத்தையும் சுங்கத்தையும் சேர்த்தது. அந்தக் கைகளைத் தவிர்த்து நேராக மிளகு விளையும் கரைக்கே போக நினைத்த போர்ச்சுகல், வாஸ்கோ ட காமாவை அனுப்பியது. அவர் 1498இல் கோழிக்கோடு வந்தார்.

அதற்கு முன்பே போர்ச்சுகலுக்கு மேற்கு ஆப்பிரிக்கத் தங்கத்தின் ருசி தெரிந்திருந்தது. தங்கம் மட்டுமன்று. 1444இல் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களைப் பிடித்துவந்து இறக்கியபோது, அவர்களில் 46 பேர் ஐந்தில் ஒரு பங்காக போர்ச்சுகல் இளவரசர் ஹென்றிக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டனர். அரசப் பங்கு என்ற சொல்லுக்குள் மனிதர்களும் அடங்கினார்கள் என்பதை மறைத்து இந்த வரலாற்றை எழுதக்கூடாது.

மதப்பற்றும் உண்மையாகவே இருந்தது. பிறர் முந்திவிடுவார்களோ என்ற போட்டியும் இருந்தது. 1494இல் தோர்தேசிலாஸ் உடன்படிக்கையில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் தாம் காணாத கடல்களையும் பங்கு போட்டுக்கொண்டன.

இத்தனை இழப்புக்கு இடையிலும் கணக்கு எப்படி நேரானது என்று கேட்பீர்கள். 1519இல் ஸ்பெயின் அனுப்பிய கடலோடி மெகல்லனுடன் 5 கப்பல்களும் 240க்கும் மேற்பட்ட ஆட்களும் புறப்பட்டனர். 1522இல் உலகைச் சுற்றி வந்து சேர்ந்த விக்டோரியா என்ற ஒரே கப்பலில் 18 ஐரோப்பியர்களே இருந்தனர். அதிலிருந்த கிராம்பை விற்ற பணம் மொத்தப் பயணத்தின் செலவையும் ஏறத்தாழ ஈடுகட்டியது.