வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. என் அக்காவுக்கு நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் இருக்கிறது. தினமும் மாத்திரை சாப்பிட்டு நலமாக இருக்கிறார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, ஐந்து மாதப் பயிற்சியில் முழு மாரத்தான் ஓடுவதாக அக்காவின் படத்துடன் அறிவித்தேன். நன்கொடையும் வரத் தொடங்கிவிட்டது. முன்பு ஓடிப் பழக்கமில்லை. ஆறாவது வாரத்திலேயே இடது கணைக்காலில் வலி. அரை மாரத்தானுக்கு மாறச் சொல்கிறார் என் மனைவி. கனடாவின் டெரி ஃபாக்ஸ் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஒற்றைக் காலோடு ஓடினாரே, நான் இந்த வலியைப் பொறுக்க மாட்டேனா? தூரத்தைக் குறைத்தால் பணம் தந்தவர்களை ஏமாற்றியதாகாதா?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. முதலில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால், அது புதிதாக ஓடுபவர்களுக்குப் பெரும்பாலும் வருகிற, ஓய்வில் தணிகிற தொல்லையாக இருக்கலாம். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலி தொடர்ந்தாலோ, எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இதயமும் தசைகளும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாண்களுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது என்பதால், மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று நாம் மகிழ்ந்து தூரத்தைக் கூட்டுகிற அதே வாரங்களில்தான் அது சற்றே பலவீனமாக இருக்கும். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். அது எச்சரிக்கையை மறைக்கும், நீண்ட ஓட்டத்தில் சில வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மருத்துவர் அனுமதிக்கும்வரை நீச்சலும் சைக்கிளும் போதும். பிறகு நடையும் ஓட்டமும் கலந்து, பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் தொடங்குங்கள். வாரம் ஒரு நீண்ட ஓட்டம், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து ஓய்வு, பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் படிப்படியான தளர்வு. கால் சீக்கிரம் தேறினால், மீதமுள்ள மூன்றரை மாதத்தில் 21.1 கிலோமீட்டருக்குத் தயாராவது நடக்கக்கூடியது. முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு, பயிற்சியிலேயே 30 கிலோமீட்டரை நெருங்க வேண்டியிருக்கும். இந்தக் காலோடு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டெரி ஃபாக்ஸைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த அவர், கனடாவைக் குறுக்காகக் கடக்க 1980 ஏப்ரலில் புறப்படும் முன் ஓராண்டுக்கும் மேலாகப் பயிற்சி எடுத்தவர். ஆறு வாரப் பயிற்சியோடு கிளம்பியவர் அல்லர். மேலும், அவர் அந்த ஓட்டத்தை முடிக்கவில்லை. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து நிறுத்தினார். தூரம் குறைந்துவிட்டது என்பதற்காக நன்கொடை நின்றுவிடவில்லை. கனடா மக்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு டாலர் திரட்டுவது என்ற அவருடைய இலக்கு, 1981 பிப்ரவரியில் அவர் உயிரோடு இருக்கும்போதே நிறைவேறியது. வலியைப் பொறுப்பதற்கு அவரை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பகுதியை ஏனோ சொல்வதில்லை.

உங்களுக்குப் பணம் தந்தவர்களும் கிலோமீட்டரை விலைக்கு வாங்கவில்லை. இந்த வாரமே அவர்கள் எல்லோருக்கும் எழுதுங்கள்: காலில் வலி வந்தது, அரை மாரத்தானுக்கு மாறுகிறேன், விருப்பமில்லாதவர்கள் தொகையைத் திரும்பப் பெறலாம் என்று. ஏமாற்று என்ற சொல்லுக்கு இடமிருப்பது பணத்தின் போக்கில்தான் என்பதால் அதில் கறாராக இருங்கள். நன்கொடை உங்கள் கணக்குக்கு வராமல் நேரே நிறுவனத்துக்குப் போகட்டும். காலணிச் செலவும் பந்தயக் கட்டணமும் உங்களுடையவை. புற்றுநோய்க்கான நிதி என்பது சிகிச்சை உதவியாகவோ விழிப்புணர்வுப் பிரசாரமாகவோகூட இருக்கலாம். ஆராய்ச்சி என்று சொல்லிக் கேட்டிருந்தால், அது ஆராய்ச்சிக்குத்தான் போகிறதா என்று தணிக்கை செய்த கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அக்காவின் நோய்க்குக் காரணமான குரோமோசோம் மாற்றம் 1960இல் கண்டறியப்பட்டது. அதைக் குறிவைக்கும் முதல் மாத்திரையான இமாட்டினிப் 2001இல்தான் அனுமதி பெற்றது. நாற்பது ஆண்டு பிடிக்கிற வேலைக்கு, ஒரே பந்தயத்தில் காலை உடைத்துக்கொண்டு ஒதுங்குகிறவரைவிட, ஆண்டுதோறும் அரைத் தூரம் ஓடி நிதி திரட்டுகிறவர் அதிகம் பயன்படுவார்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. படத்தை வெளியிடும் முன் அக்காவிடம் அனுமதி பெற்றதாகக் கடிதத்தில் இல்லை. பெற்றிருக்காவிட்டால் இன்றே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.