பூக்காத சரக்கொன்றை

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் சரக்கொன்றைக் கன்று வைத்து 6 வருடம் ஆகிறது. மாடி உயரம் வளர்ந்துவிட்டது, ஒரு பூ கூட இல்லை. தினமும் தண்ணீர் விடுகிறேன், மாதம் ஒரு கை யூரியா போடுகிறேன். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிளைகளையும் கழித்துவிடுவோம். அடிக்கடி பச்சைப் புழு வந்து இலையைத் தின்கிறது. அடுத்த தெருவில் யாருமே கவனிக்காத மரம் சித்திரையில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. எங்கே தவறு?

பதில்: அடுத்த தெரு மரத்தை யாரும் கவனிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். கொன்றை என்று கேட்டால் நர்சரியில் சில சமயம் பெருங்கொன்றையைக் கொடுத்துவிடுவார்கள். அதன் இலை புளிய இலை மாதிரிப் பொடிப்பொடியாக இருக்கும். சரக்கொன்றையின் ஒவ்வொரு சிற்றிலையும் உள்ளங்கை நீளம் வரும், ஒரு காம்பில் நாலு முதல் எட்டு ஜோடி இருக்கும். உங்களுடையது இப்படி இருந்தால் மேலே படியுங்கள்.

விதையிலிருந்து வந்த சரக்கொன்றை பூக்க 5 முதல் 8 வருடம் ஆவது சகஜம். ஆகவே மரம் ஒன்றும் மலடு இல்லை. ஆனால் அதைப் பூக்கவிடாமல் மூன்று காரியம் செய்கிறீர்கள்.

தண்ணீர்தான் முதல் காரியம். இது கோடையில் இலை உதிர்க்கும் காட்டு மரம். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு, தை முதல் பங்குனி வரை காய வேண்டும். அந்தக் காய்ச்சலில்தான் மொட்டு கட்டும். மாசி, பங்குனியில் மரம் மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பதறி வாளி வாளியாக ஊற்றினால், பூவுக்குப் பதில் தளிர்தான் வரும். 6 வயது மரத்தின் வேர் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். வரும் பொங்கலோடு குழாயை மூடிவிடுங்கள். இன்னொன்று, உங்கள் பகுதி களிமண், மழையில் தண்ணீர் தேங்கும். அடிமரத்தைச் சுற்றிப் பாத்தி குழியாக இருந்தால் மண் போட்டு மேடாக்குங்கள். கொன்றைக்கு வறட்சி பிடிக்கும், வேர் ஊறுவது ஆகாது.

இரண்டாவது யூரியா. அது தழையைத்தான் தள்ளும், பூவை இல்லை; இன்றே நிறுத்துங்கள். கொன்றை பயறு வகைக் குடும்பம்தான், ஆனால் உளுந்து மாதிரி வேரில் முடிச்சு வைத்துத் தழைச்சத்து பிடிக்கிற மரம் இல்லை. அதனால் நாம்தானே போட வேண்டும் என்று கேட்பீர்கள். கன்றாக இருந்தபோது சரி. இப்போது ஆடியில் இரண்டு கூடை மக்கிய தொழு உரம் போட்டால் வருடத்துக்குப் போதும்.

அப்புறம் அந்தப் போகி வெட்டு. சித்திரையில் சரம் தொங்க வேண்டிய கிளைகளைத் தை பிறப்பதற்கு முன்பே கழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறீர்கள்! வெட்டுவதானால் பூத்து முடிந்த கையோடு, ஆனி வாக்கில் வெட்டுங்கள். காய்ந்த கிளை, மின்கம்பியில் உரசும் கிளை, ஒன்றன்மேல் ஒன்று உராயும் கிளை, அவ்வளவுதான். உச்சியை மொட்டையடிக்காதீர்கள். மரம் மதிலுக்கு வெளியே தெருவில் இருந்தால் மாநகராட்சியிடம் கேட்காமல் அரிவாளை எடுக்க வேண்டாம்.

புழுவுக்கு வருவோம். இலை நடுநரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும், பக்கவாட்டில் வெளிர்க்கோடு ஓடும் பச்சைப் புழுவா? அது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. அதற்குக் கொன்றைத் தளிர்தான் தாய்ப்பால். யூரியா போட்டுப் போட்டு நீங்களே பந்தி விரித்திருக்கிறீர்கள். மாடி உயர மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சில நாளில் கூட்டுப்புழுவாகிப் பறந்துவிடும், காக்கையும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மருந்து வேண்டாம். சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் கையால் பொறுக்கலாம், அல்லது லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

இத்தனையும் செய்து இரண்டு சித்திரை போயும் பூக்கவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். பக்கத்தில் புது அடுக்குமாடி எழும்பியிருக்கிறதா? பாதி நாளாவது நேர் வெயில் படாத கொன்றை இலையோடு நின்றுவிடும். அதற்கு உரக்கடையில் மருந்து கிடையாது. அடுத்த தெரு மரத்தில் கறுத்துத் தொங்கும் காயை உடைத்து விதை எடுத்து, உப்புத்தாளில் ஓட்டைத் தேய்த்து ஒரு ராத்திரி ஊறவைத்து, வெயில் விழும் மூலையில் இன்னொன்று போட்டு வையுங்கள்.