மார்கழிக் குளிர்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பயிர் உடலியல் படித்துவிட்டு ஓசூர்ப் பக்கம் நாற்றுப் பண்ணை நடத்துகிறேன். குளிரைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளைக் கேட்டவர் ஊரோடு போட்டிருக்கிறேன். மானியம், மருந்து விலை கேட்டவர்கள் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவி: ஒரே வயலில் தக்காளியும் முட்டைக்கோஸும் இருக்கின்றன. 10 டிகிரி வந்தால் தக்காளி சுருண்டுவிடுகிறது, கோஸ் ஜம்மென்று நிற்கிறது. ஏன் சார்?

நல்ல கேள்வி. உறையும் குளிர் வேறு, உறையாமலே கெடுக்கும் குளிர் வேறு. நம் மாவட்டத்தில் தொல்லை பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. மார்கழிக் காலையில் சமையலறைக்குள் போய்ப் பாருங்கள், நெய் கட்டியிருக்கும், நல்லெண்ணெய் ஓடும். நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், எண்ணெயில் நிறைவுறாதது அதிகம். சவ்விலும் இதே கணக்குதான். தக்காளி, வாழை, வெள்ளரி எல்லாம் வெப்ப நாட்டுப் பிறப்பு. வெப்பநிலை சுமார் 12 டிகிரிக்குக் கீழே போய் அங்கேயே நின்றால் அவற்றின் சவ்வு இறுக ஆரம்பிக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் வெளியே கசிகின்றன. கோஸ் அப்படியல்ல. குளிர் மெல்ல ஏற ஏறத் தன் சவ்வில் நிறைவுறாத கொழுப்பைக் கூட்டிக்கொள்ளும், செல்லுக்குள் சர்க்கரையைச் சேர்க்கும். குளிர்கால கோஸ் இனிப்பது அதனால்தான்.

'மெல்ல' என்பதைக் கவனியுங்கள். கோதுமை வகையறாவில் குளிர்நாட்டு 'ரை' என்று ஒரு தானியம் உண்டு. சூடாக வளர்த்த ரை நாற்றைத் திடீரென்று குளிரில் வைத்தால் மைனஸ் 5 டிகிரியிலேயே சாகும். அதையே சில வாரம் உறைநிலைக்குச் சற்று மேலே வைத்துப் பழக்கினால் மைனஸ் 30 வரை தாங்கும். விதை ஒன்றுதான், பழக்கம் வேறு.

இன்னொன்றும் பாருங்கள். காலை 8 மணிக்கு வெயில் ஏறியதும் தக்காளி தலை தொங்கும். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் ஈரம் இருக்கும். குளிர்ந்த மண்ணில் வேர் தண்ணீரை இழுக்க மாட்டேன் என்கிறது, மேலே இலையோ ஆவியாக்கிக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் மறுபடியும் தண்ணீர் கட்டுவார்கள். வேண்டாம், வேர் அழுகும். 10 மணிக்குச் செடி தானே நிமிர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஓசூர்: அண்ணா, நம்ம ஊர் குளிருக்கு ஆப்பிள் வருமா?

காஷ்மீர், இமாச்சல் ரகங்கள் வராது. ஆப்பிள் மொட்டு இலையுதிர்காலத்தில் உறங்கப் போகிறது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்று மரம் கணக்கு வைத்துக்கொள்கிறது. பழைய ரகங்களுக்கு அது 1000 மணி நேரத்தை ஒட்டி வர வேண்டும். ஓசூரில் 7 டிகிரியைப் பார்ப்பதே அபூர்வம். இமாச்சலின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி தேர்ந்தெடுத்த எச்.ஆர்.எம்.என்-99, வெளிநாட்டு 'அன்னா' போன்றவை குறைந்த குளிர் போதும் என்கிற ரகங்கள். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு கன்று வையுங்கள், இலையைக் கையால் உருவிப் பூக்க வையுங்கள், ஆசைக்குப் பழம் கிடைக்கலாம். கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் நடாதீர்கள்.

தளி: சார், பாலித்தீன் குடிலில் தாஜ்மகால் ரோஜா. டிசம்பர் கடைசியில் வெளி இதழ் கருப்படிக்கிறது. வெளியே இருப்பதைவிடக் குடிலுக்குள் கூடுதலாகக் குளிருகிறது என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையும் இலையும் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு வீசிக்கொண்டே இருக்கும். சாதாரண பாலித்தீன் அந்த வெப்பக் கதிரைத் தடுக்காது. வெளியிலாவது மேலிருக்கும் இளஞ்சூடான காற்று கொஞ்சம் கலக்கும், குடிலுக்குள் அதுவும் கிடையாது. அதனால் விடிகாலையில் உள்ளே ஒரு டிகிரி குறைவாக இருப்பது நடக்கக்கூடியதுதான்.

சிவப்பு ரகங்களில் குளிர் இரவுகள் வந்தால் நிறமி கூடுதலாகச் சேரும். அடர்ந்து அடர்ந்து கடைசியில் கருப்பாகத் தெரியும். அது நோய் அல்ல. ஆனால் இலையில் கருஞ்சிவப்புத் திட்டு, கொத்துக் கொத்தாக இலை உதிர்வு என்றால் அது டௌனி என்ற நோய். அதற்குக் குளிரோடு ஈரமும் வேண்டும். மாலை வெயில் இறங்கும் முன்பே பக்கத் திரையை இறக்கிச் சூட்டைப் பிடியுங்கள். காலையில் கூலியாள் வரும்வரை காத்திருக்காமல் திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள். இலை காயாத குடிலில் எந்த மருந்தும் நிற்காது.

அரூர்: பச்சை வாழைப்பழத்தைப் பிரிட்ஜில் வைத்தால் தோல் கருக்கிறது. சாப்பிடலாமா?

சாப்பிடலாம். 13 டிகிரிக்குக் கீழே வாழைத்தோல் கருக்கும். காயாக வைத்தால் சரியாகப் பழுக்காது. தக்காளியையும் வெளியே வையுங்கள், மணம் போகாது.

பென்னாகரம்: நாட்டுக்கோழிக் குஞ்சு 100 விட்டேன். விடிகாலையில் மூலையில் குவிந்து அடியில் இருப்பவை செத்துக் கிடக்கின்றன.

பொரித்த முதல் இரண்டு வாரம் குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காக்க முடியாது. முதல் வாரம் புரூடருக்கு (குஞ்சுக்குச் சூடு தரும் பல்பு அமைப்பு) அடியில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கத்தினால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் அதிகம், பரவிப் படுத்திருந்தால் சரி. தகட்டை வட்டமாகக் கட்டுங்கள், மூலையே இருக்கக் கூடாது.

கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவை மூடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. குஞ்சோடு நீங்களும் போய்விடுவீர்கள்.

காவேரிப்பட்டணம், மாந்தோப்புக்காரர்: பனி பூவைக் கருக்காமலிருக்க எங்கள் அப்பா காலத்திலிருந்து மார்கழி, தை மாதத்தில் தோப்பில் புகை போடுகிறோம். அது வீண் என்று எங்கேயோ சொன்னீர்களாமே?

சொன்னேன் ஐயா, இப்போதும் சொல்கிறேன். இரவில் தரையிலிருந்து போகும் வெப்பக் கதிரின் அலைநீளம் சுமார் 10 மைக்ரான். புகைத் துகள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் சிறியது, கதிர் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். மூடுபனியில் இருக்கும் நீர்த்துளி பெரியது, அது தடுக்கும். மேகமும் தடுக்கும். மூட்டமான இரவு அவ்வளவாகக் குளிராததற்குக் காரணம் அதுதான்.

மாவுக்குக் குளிர் எதிரியும் அல்ல. ஆய்வகத்தில் பகல் 18, இரவு 10 டிகிரியில் வைத்த மா பூத்தது. பகல் 30, இரவு 25-இல் வைத்தது வெறும் தளிராக விட்டது. முற்றிய கிளையும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால்தான் நம் பெங்களூராவும் செந்தூராவும் பூவெடுக்கும். பூத்த பிறகு 15 டிகிரிக்குக் கீழே இரவுகள் தொடர்ந்தால் மகரந்த வீரியம் குறையும், ஆண் பூ கூடும், பிஞ்சு குறையும். கருகலைப் பொறுத்தவரை, பூங்கொத்தைக் கையில் எடுத்து விரலால் தேயுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் சாம்பல் நோய். பிசுபிசுவென்று ஒட்டி, உதறினால் ஆப்பு வடிவப் பூச்சி தத்தினால் தத்துப்பூச்சி. பழி விழுவது பனிமேல்.

பாலக்கோடு: புகைக்குத் தத்துப்பூச்சி ஓடுமே சார், அது நன்மைதானே?

கொஞ்சம் ஓடும், புகை நின்றதும் திரும்பும். ஆனால் புகைக்கு முதலில் போவது ஈ. மாவில் மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காலையில் புகை போடுவது உங்கள் வேலையாளையே துரத்துவது.

காவேரிப்பட்டணம், மறுபடியும்: புகை போட்ட வருடம் முன்னதாகவே பூத்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். படித்தவர்கள் எல்லாவற்றையும் மறுக்கிறீர்கள்.

இதை மறுக்க மாட்டேன். பிலிப்பைன்ஸில் கரபாவ் மாவுக்கு நாள் கணக்கில் விடாமல் புகை போட்டுத்தான் பூக்க வைத்தார்கள். புகையில் இருக்கும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டுகிறது என்பது விளக்கம். பிறகு அந்த நாட்டு விஞ்ஞானி ரமோன் பார்பா, பொட்டாசியம் நைட்ரேட் தெளித்தால் அதே வேலை நடக்கும் என்று காட்டினார், புகை தேவையில்லாமல் போயிற்று. ஆக, மொட்டு வருமுன் புகை போட்டுச் சீக்கிரம் பூத்தது என்றால் அதற்கு வழி இருக்கிறது. பூத்த பிறகு புகை குளிரைத் தடுத்தது என்பதற்குத்தான் வழியில்லை.

பர்கூர்: பெரியவர்கள் சொன்னதை இப்படித் தூக்கிப் போடலாமா? தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பதும் பொய்யா?

அது பொய்யில்லை, புகை போடு என்று அதில் இல்லையே. இந்த வாரமே பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்கி, புகை போடும் மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று, பூ இருக்கும் உயரத்தில் கட்டுங்கள். விடிகாலை 5 மணிக்கு இரண்டையும் படித்து, ஒரு வாரக் கணக்கோடு வந்து சண்டை போடுங்கள். பனி இரவுக்கு உண்மையிலேயே உதவுவது மண் ஈரம். ஈர மண் பகலில் அதிகச் சூட்டைச் சேமித்து இரவில் விடும்.

தேன்கனிக்கோட்டை: ஆப்பிள் வைக்கலாமா?

ஓசூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அஞ்செட்டி: குளிர் தாங்காமல்தான் யானைகள் கர்நாடகக் காட்டிலிருந்து நம் பக்கம் வருகின்றனவா?

ராகிக்கு வருகின்றன. அறுவடைக் கணக்கு அவற்றுக்குத் தெரியும்.

தருமபுரி, ஒன்பதாம் வகுப்பு: உறைந்து போன தவளை திரும்ப உயிரோடு வருமாமே, நிஜமா சார்?

நிஜம் தம்பி. வட அமெரிக்காவின் மரத்தவளை. இலைச் சருகுக்கு அடியில் படுத்திருக்கும். தோலில் பனிக்கட்டி தொட்டதும் அதன் கல்லீரல் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தையெல்லாம் குளுக்கோஸாக உடைத்து இரத்தத்தில் கொட்டும். நமக்கு வெறும் வயிற்றில் 100 மில்லிகிராம் இருந்தால் சரி என்கிறோம், அதற்குப் பல ஆயிரத்தைத் தொடும். உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை கட்டியாகும். மூச்சு இல்லை, இதயத் துடிப்பு இல்லை. வசந்தத்தில் உருகி, இதயம் முதலில் துடித்து, பிறகு எழுந்து போகும்.

சூட்சுமம் கட்டி எங்கே உருவாகிறது என்பதில் இருக்கிறது. செல்லுக்கு வெளியே உறைந்தால் பிழைக்கலாம், உள்ளே உறைந்தால் கதை முடிந்தது. குளுக்கோஸ் செல்லுக்குள் நீரைப் பிடித்துவைத்து உறையாமல் பார்த்துக்கொள்கிறது. அண்டார்டிக் கடல் மீன்கள் வேறு வழி பிடித்தன. அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி. அவற்றின் இரத்தத்தில் இருக்கும் ஒரு சர்க்கரைப் புரதம், உருவாகும் பனித் துணுக்கோடு ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாது. 1960களில் ஆர்தர் டிவ்ரீஸ் கண்டுபிடித்தது. வீட்டு பிரீசரில் நம் ஊர்த் தவளையை வைத்துப் பார்க்காதே, அது செத்துவிடும்.

காரிமங்கலம், பட்டு வளர்ப்பவர்: தவளைக் கதை இருக்கட்டும். என் வெண்பட்டுப் புழு குளிரில் தழை தின்ன மாட்டேன் என்கிறது.

உங்கள் முட்டையிலும் அதே கதை இருக்கிறது. உறக்க நிலைக்குப் போகும் பட்டு முட்டை தன் கிளைகோஜனை, குளிரைத் தாங்க உதவும் சார்பிட்டால், கிளிசரால் என்ற பொருள்களாக ஆக்கிக்கொள்கிறது. குளிர்பதனத்தில் மாதக்கணக்கில் வைக்க முடிவது அதனால். புழுவுக்கு அந்த வசதி கிடையாது. சாக்கிப் புழுவுக்கு, அதாவது இளம் புழுவுக்கு, 27, 28 டிகிரி, வளர்ந்த புழுவுக்கு 24, 25 வேண்டும். 20-க்குக் கீழே போனால் தீனி குறைந்து, வளர்ப்பு நாள் நீண்டு, கூடு இளைக்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் புழு வெள்ளையாக இறுகிச் சாகும் பூஞ்சண நோய் வரும். அறையை ஹீட்டரால் சூடேற்றுங்கள், படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவி உலர்வாக வையுங்கள், பகலில் காற்று விடுங்கள். கரி அடுப்பு என்றால் மேலே பென்னாகரத்துக்குச் சொன்னது உங்களுக்கும்.

சூளகிரி: மார்கழியில் மொச்சை பூப்பது குளிரினால்தானே?

பகல் குறுகுவதால்.

ஓசூர், வேறொருவர்: ஆப்பிள் வேண்டாம் என்றால் செர்ரி?

அதற்கும் குளிர் மணி நேரம்தான் கேட்கும். சப்போட்டா வையுங்கள்.

தருமபுரி: குளிரில் என் விரல் நுனி வெள்ளையாகி மரத்துப் போகிறது.

நான் செடிக்காரன். மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

ராயக்கோட்டை: கலப்பின மாடு, கன்று போட்டு மூன்று நாள். குளிருக்கு இரண்டையும் எப்படிக் காப்பது? கொட்டகையில் தணல் மூட்டலாமா?

மூட்டக் கூடாது. மூன்றாவது தடவை சொல்கிறேன்.

மாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். தீனி தின்று அசை போடும் மாட்டின் வயிறு இரவெல்லாம் சூடு உண்டாக்கிக்கொண்டிருக்கும். நம் ஊரில் கலப்பின மாட்டைப் படுத்துவது சித்திரை வெயில்தான். கன்றுதான் பிரச்சினை. 10, 15 டிகிரிக்குக் கீழே போனால் பிறந்த கன்று தன் கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், அது கொஞ்சமே இருக்கும். நனைந்த மயிருக்குள் காற்று நிற்காது, அதனால் நனைந்தால் இன்னும் மோசம். காற்று வரும் பக்கம் கன்றின் உயரத்துக்குச் சாக்குக் கட்டுங்கள், மேலே திறந்திருக்கட்டும். படுத்தால் கால் மறையும் அளவு உலர்ந்த வைக்கோல் போடுங்கள், தினமும் கைவைத்துப் பார்த்து ஈரமானதை மாற்றுங்கள். அடுத்த ஈற்றுக்கு நினைவில் வையுங்கள்: பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும், முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு.