குள்ளர்கள் அவுலேயின் பொம்மைகளா?

டோல்கீனின் கற்பனை உலகில், கைவினைத் தெய்வமான அவுலே கையால் செய்தவர்கள் என்றால் குள்ளர்களுக்குச் சொந்த மனம் ஏது, இறந்தபின் எங்கே போவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கு 1977-இல் வெளிவந்த, அந்த உலகின் புராண நூலான சில்மரில்லியனிலேயே பதில் இருக்கிறது. ரகசியமாகச் செய்தது உலகைப் படைத்த முழுமுதற் கடவுளான இலூவதாருக்குத் தெரிந்துவிட்டது என்றதும், அவுலே அழுதுகொண்டே சம்மட்டியை ஓங்குகிறான். அடி விழுமுன் குள்ளர்கள் ஒடுங்கிப்போய் உயிர்ப்பிச்சை கேட்கிறார்கள். பொம்மை அடிக்கு அஞ்சுமா? இலூவதார் அதற்குள் அவர்களுக்கு உயிர் கொடுத்துவிட்டார். பிறகு, இலூவதாரின் மூத்த பிள்ளைகளான எல்ஃபுகள் கண்விழிக்கும்வரை அவர்கள் கல்லுக்கடியில் உறங்க வேண்டியதாயிற்று.

மரணம்தான் சிக்கல். குள்ளர்கள் மண்ணோடும் கல்லோடும் கலந்துவிடுவார்கள் என்பது எல்ஃபுகளின் நம்பிக்கை. குள்ளர்கள் சொல்வது வேறு: அவுலே தங்களை, இறந்தவர்கள் சேரும் இடமான மாண்டோஸில் தனி மண்டபங்களில் சேர்த்து வைப்பான், இறுதிப் போருக்குப்பின் உலகைத் திரும்பக் கட்டும்போது அவனுக்குக் கைகொடுப்போம். (செத்த பிறகும் கொத்து வேலையை எதிர்பார்த்திருக்கும் இனம்!) நான் குள்ளர்கள் பக்கம். பகையும் சந்தேகமும் கொண்ட அண்டை வீட்டார் சொல்லும் மறுமைக் கணக்கை எப்படி நம்புவது? இலூவதார் ஏற்றுக்கொண்ட உயிர்களை வெறும் கல்லாக விட்டுவிடுவார் என்றும் தோன்றவில்லை. அந்த மண்டபங்களில் உலைக்களமும் இருக்கும் என்பது என் ஊகம் மட்டுமே.