குரோ மக்களின் நிலத்து ஓடைகளும் பழைய வரைபடங்களும்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் குரோ என்னும் பூர்வகுடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வரையப்பட்ட அமெரிக்க அரசு வரைபடத் தாள்களில் காணும் ஓடைகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றையும் லாட்ஜ் கிராஸ் போன்ற பெரிய ஓடைகளையும் பெரும்பாலும் நம்பலாம், மலையடிவாரத்துச் சிறு கிளைகளை அப்படி நம்ப இயலாது. அத்தாள்களில் ஓர் அங்குலம் சில மைல்களைக் குறிக்கும். அளவையாளர் குன்றின் மேல் பிளேன் டேபிளை (முக்காலியில் பொருத்திய வரைபலகையை) நிறுத்தி, கண்ணுக்குத் தெரிந்த சில இடங்களின் திசையையும் உயரத்தையும் கணித்துக்கொண்டு, இடைப்பட்ட நிலத்தைப் பார்வையாலேயே சமவுயரக் கோடுகளாக (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளாக) வரைந்தார். சமவுயரக் கோடு ஓடையைக் கடக்கும்போது, அதன் கூர்முனை நீர் வரும் திசையை நோக்கியிருக்க வேண்டும். ஓடையைக் குறிக்கும் நீலக் கோடு அக்கூர்முனையை விட்டு விலகி ஓடினால், அந்தக் கிளை ஊகத்தில் வரையப்பட்டிருக்கலாம் என்று ஐயுறுங்கள்.

கேள்வி: 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றருகே நடந்த போரைப் பற்றிய குறிப்புகளில் வரும் ஆஷ் கிரீக் இன்றைய தாளில் இல்லையே?

பதில்: அது இன்றைய ரீனோ கிரீக். அப்போரில் அமெரிக்கப் படைத்தலைவரான கஸ்டரின் படை அதன் வழியாகத்தான் ஆற்றை நோக்கி இறங்கியது. பழைய ஓடையைப் பெயரைக் கொண்டு தேடாமல், அது ஆற்றில் கலக்கும் இடத்தைக் கொண்டு தேடுங்கள்.

கேள்வி: குரோ ஒதுக்கீட்டு நிலத்தின் கிழக்கு எல்லையில் பிழை நேர்ந்தது உண்மையா?

பதில்: உண்மை. அமெரிக்க அரசும் குரோ மக்களும் செய்துகொண்ட 1868 உடன்படிக்கையின்படி மேற்கு 107-ஆம் தீர்க்கரேகையே எல்லை. ஆனால் 1891-இல் அளந்து முடித்த கோடு மேற்கே விலகிப் போனதால், நிலக்கரி வளம் மிக்க பகுதிகளும் அடங்கிய ஏறக்குறைய 36,000 ஏக்கர் குரோ மக்களின் கையை விட்டுப் போயிற்று. இதைத் தீர்க்கும் சட்டம் 1994-இல்தான் வந்தது. யாரோ இட்ட கோட்டின் பிழைக்காக ஒரு மக்கள் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: இன்று புதிய தாள்கள் இருக்கும்போது பழையவை எதற்கு?

பதில்: 1960-களில் கட்டப்பட்ட யெல்லோடெயில் அணையால் பிக்ஹார்ன் பள்ளத்தாக்கின் அடிநிலம் நீருக்குள் போய்விட்டது. அந்த அணையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்த குரோ தலைவர் ராபர்ட் யெல்லோடெயிலின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. ஆறு அங்கே எப்படி வளைந்தோடியது என்பதை அறிய, அணைக்கு முந்தைய தாள்களே துணை. அவற்றை அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். அவற்றை இன்றைய 1:24,000 அளவுத் தாளின் மேல் பொருத்தும்போது, நீருக்கு வெளியே உள்ள ஓடைச் சந்திப்புகளையே அடையாளமாகக் கொள்ளுங்கள்.